பழைய ஹாம் ரேடியோ பவர் சப்ளையைப் புதுப்பிப்பது எப்படி? ஹெச்பி-23-ஐ வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்வு காலத்து டிரான்ஸ்ஸீவர் (ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் ரேடியோ) ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் அதே ஆசைதான்: பிளக்கைச் சொருகி ஒரு தரம் ஆன் செய்து பார்க்க வேண்டும். அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லத்தான் இந்தப் பக்கம். எடுத்துக்காட்டாக ஹீத்கிட் ஹெச்பி-23 பவர் சப்ளையை வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெண்டன் ஹார்பரில் இருந்த ஹீத் கம்பெனி, 1960களில் இதைக் கிட்டாக விற்கத் தொடங்கியது. பாகங்கள் பெட்டியில் வரும். வாங்கியவரே உட்கார்ந்து சால்டர் செய்து கட்டினார். ஹெச்டபிள்யூ-101, எஸ்பி-102 போன்ற ரேடியோக்களுக்கு உயிர் கொடுத்தது இதுதான். நான் பழுதுபார்த்துக் கற்றதும் இதில்தான். மற்ற கம்பெனி சப்ளைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இதிலிருந்து என்னென்ன வோல்ட் வருகிறது?

லோடு (மின்சாரத்தை இழுக்கும் ரேடியோ) இல்லாதபோது சுமார் 820 வோல்ட். 250 மில்லிஆம்பியர் இழுத்தால் 700 வோல்ட். இது ஆன்டெனாவுக்குச் சக்தி கொடுக்கும் கடைசிக் கட்ட (பைனல்) வால்வுகளான இரண்டு 6146-களின் பிளேட் முனைக்கு. அடுத்து 300 அல்லது 250 வோல்ட், மற்ற வால்வுகளுக்கு. பிறகு மைனஸ் 130 வோல்ட் பயாஸ், அதாவது வால்வின் மின்னோட்டத்தை அடக்கி வைக்கும் வோல்டேஜ். கடைசியாக வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 12.6 வோல்ட் ஏசி, 5.5 ஆம்பியர். இவ்வளவும் ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது. அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் நல்ல நிலையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம். அது எரிந்துபோயிருந்தால் அதே அளவில் இன்னொன்றைத் தேடுவதற்கே மாதங்கள் போகும். அதனால் இங்கே சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கையும் முதலில் உங்களுக்காக, அடுத்து அந்த ட்ரான்ஸ்ஃபார்மருக்காக.

இருபது வருடம் பரணில் கிடந்தது. ஒரு தரம் ஆன் செய்து பார்த்தால் என்ன?

வேண்டாம். மின்சாரத்தைத் தேக்கி டிசியைச் சீராக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகடும், அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலமும், ஈரமான எலக்ட்ரோலைட்டும் இருக்கின்றன. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அந்தப் படலம். பல வருடம் வோல்டேஜ் இல்லாமல் கிடந்தால் படலம் பலவீனமாகும், எலக்ட்ரோலைட்டும் காயும். அந்த நிலையில் திடீரென்று 400 வோல்ட் வந்தால் கெப்பாசிட்டர் கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி நடந்துகொள்ளும். ஏசியை டிசியாக்கும் டயோடு போகும், ஃபியூஸ் சரியாக இல்லையென்றால் ட்ரான்ஸ்ஃபார்மரின் சுருளும் கருகும்.

கெப்பாசிட்டரின் வயது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். அமெரிக்கத் தயாரிப்புகளில் முதலில் தயாரிப்பாளர் எண்; அதையடுத்து வரும் நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டும் வாரமும். 6912 என்று இருந்தால் 1969-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம். அடிப்பக்கத்து ரப்பர் புடைத்திருக்கிறதா, ஓரத்தில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ பொருக்கு தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பார்க்க அழகாக இருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது.

வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) மெதுவாக ஏற்றினால் பழைய கெப்பாசிட்டர் பிழைத்துவிடும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. கெப்பாசிட்டரைக் கழற்றி, 10 முதல் 30 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிசி கொடுத்து, கசியும் மின்னோட்டம் குறைவதைப் பார்த்தபடி மணிக்கணக்கில் மெல்ல ஏற்றினால் ஆக்சைடு படலம் மறுபடி உருவாகும். காய்ந்துபோன எலக்ட்ரோலைட் மட்டும் திரும்பி வராது. அப்படி மீண்ட கெப்பாசிட்டர் சோதனைக்கு உதவும். தினசரி உபயோகத்துக்கு நான் நம்ப மாட்டேன். இன்னொன்று: டயோடுக்குப் பதில் ரெக்டிஃபையர் வால்வு உள்ள சப்ளையில் வெறும் வேரியாக்கால் பயனில்லை. ஃபிலமென்ட் சூடேறும் வரை டிசியே வராது, அப்புறம் மொத்தமாக வரும்.

வேரியாக் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகளின் சீரிஸ் லேம்ப் போதும். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின்ஸ் லைனில் தொடராகப் போடுங்கள். ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது.

ஷாக் அடித்தால் எவ்வளவு ஆபத்து?

உயிர் போகும். மழுப்பாமல் சொல்வதற்காகவே இதைத் தனிக் கேள்வியாக வைத்தேன்.

ஹெச்பி-23-ன் உயர் வோல்டேஜ் பகுதி ஒரு டப்ளர், அதாவது வோல்டேஜை இரட்டிப்பாக்கும் சர்க்யூட். 125 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடரில் நிற்கின்றன. 820 வோல்ட்டில் அவற்றில் தேங்கும் ஆற்றல் சுமார் 21 ஜூல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும். பிளீடர் ரெசிஸ்டர்கள் ஒரு நிமிடத்தில் அதை வடித்துவிட வேண்டும். ஐம்பது வருடம் சூட்டில் வெந்த ரெசிஸ்டர் உள்ளே அறுந்து ஓப்பன் ஆகியிருந்தால் வடிக்க யாருமில்லை.

இன்னொரு பொறி இருக்கிறது. மேலே நிற்கும் கெப்பாசிட்டரின் அலுமினிய டப்பா எர்த் ஆனது அல்ல. அது நடுப்புள்ளியில் இருக்கிறது. அதாவது சேசிஸிலிருந்து (பெட்டியின் உலோகச் சட்டத்திலிருந்து) சுமார் 400 வோல்ட் உயரத்தில். அதன்மேல் ஒரு அட்டை உறை போர்த்தியிருப்பார்கள். வெறும் லேபிள் என்று நினைத்து உரித்துப் போட்ட சப்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்த ஹெச்பி-23-லும் அந்த உறை கிழிந்து பாதிதான் மிஞ்சியிருந்தது. உள்ளே பளபளவென்று டப்பா தெரிந்தது. பழக்கமில்லாத ஒருவர் அதைத் துடைத்துப் பார்க்கத்தான் விரும்புவார்.

வடிப்பதற்கு ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யாதீர்கள். தீப்பொறியில் உலோகம் தெறிக்கும், கெப்பாசிட்டரும் பழுதாகும். ஒரு அடி பிவிசி குழாயின் நுனியில் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் கட்டி, மறுமுனையைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டுங்கள். ஐந்து வினாடி தொட்டுக்கொண்டிருந்தால் காலியாகும். மீட்டரில் உறுதி செய்த பிறகு, வேலை முடியும் வரை ஒரு கிளிப் வயரால் ஷார்ட் செய்தே வைத்திருங்கள். காலியான கெப்பாசிட்டர் கொஞ்ச நேரத்தில் தானாகவே சில பத்து வோல்ட்டை மறுபடி காட்டும். ஆன் செய்து அளக்க வேண்டியிருந்தால், அணைத்த நிலையில் மீட்டர் கிளிப்பை மாட்டிவிட்டு, கையை எடுத்த பிறகு ஆன் செய்யுங்கள். மீட்டரும் அதன் வயர்களும் 1000 வோல்ட் தாங்குபவையாக இருக்க வேண்டும்.

நம் ஊர் 230 வோல்ட்டில் இது ஓடுமா?

இரண்டு பிரைமரி (மெயின்ஸ் பக்க) சுருள்கள் உள்ள ஹெச்பி-23 என்றால் ஓடும். இணையாக இணைத்தால் 120 வோல்ட், தொடராக இணைத்தால் 240 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 120-க்கே கட்டப்பட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டு, கையேட்டில் உள்ள படத்தோடு ஒவ்வொரு வயராக ஒப்பிடுங்கள். கட்டியவர் யாரோ ஒரு வீட்டு மேசையில் கட்டியிருக்கிறார். வயர் நிறம் மாறியிருக்கவும் கூடும்.

வேறு சில சப்ளைகளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருக்கும். அதற்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. நம்முடையது 50 ஹெர்ட்ஸ். அதே வோல்டேஜில் அலைவெண் குறைந்தால் இரும்பு உள்ளகத்தின் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடும். ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், கொதிக்கும். 60 ஹெர்ட்ஸில் 115 வோல்ட்டுக்குச் செய்ததை 50 ஹெர்ட்ஸில் நிம்மதியாக வைக்க வேண்டுமானால் சுமார் 96 வோல்ட்தான் கொடுக்கலாம். ஹீட்டர் வோல்டேஜும் அந்த அளவுக்குக் குறையும் என்பதால் அதை நல்ல தீர்வு என்று சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட பெட்டிக்கு 50 ஹெர்ட்ஸுக்கென்று புது ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருபவரைத் தேடுவதே மேல். சந்தையில் கிடைக்கும் ஸ்டெப் டவுன்களில் பல, ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர்கள். அவை மெயின்ஸிலிருந்து நம்மைப் பிரிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கெப்பாசிட்டருக்குப் பதில் எந்த அளவு போடலாம்?

பழையதில் 450 வோல்ட் என்றிருக்கும். புதியதற்கு 500 வோல்ட் தேடுங்கள். கணக்கு எளிது: 820-ல் பாதி 410. இரவில் மெயின்ஸ் 250-க்கு ஏறினால் அது 427 ஆகிவிடும். 450-க்கும் அதற்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை. வெப்பத் தாங்குதிறன் 105 டிகிரி இருக்கட்டும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. நம் ஊர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் இந்த வித்தியாசம் பெரிது.

மதிப்பைப் பொறுத்தவரை 150 மைக்ரோஃபாரட் போதும். 220 வரை போகலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கெப்பாசிட்டர் பெரிதானால் ஒவ்வொரு சுழற்சியிலும் டயோடு குறுகிய நேரத்தில் பெரிய மின்னோட்டத்தை அள்ளும், ட்ரான்ஸ்ஃபார்மர் சூடாகும். தேங்கும் ஆற்றலும் கூடும். 220 போட்டால் 21 ஜூல் 37 ஆகிறது.

தொடரில் நிற்கும் இரண்டுக்கும் கசிவு ஒரே மாதிரி இருக்காது. அதனால் ஒவ்வொன்றின் குறுக்கேயும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை மறக்காமல் புதிதாகப் போடுங்கள். அதில் 1.7 வாட் வெப்பம் எழும். 2 வாட் ரெசிஸ்டர் போட்டால் விளிம்பில் நிற்கும், 5 வாட் போடுங்கள். ரெசிஸ்டருக்கும் வோல்டேஜ் வரம்பு உண்டு. சின்ன ரெசிஸ்டர்கள் பல 400 வோல்ட்டைத் தாங்குவதில்லை.

எங்கே வாங்குவது?

சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு. கடைக்கு மீட்டரோடு போங்கள். பழைய கெப்பாசிட்டருக்குப் புது உறை போட்டு விற்பதும், பெரிய உறைக்குள் சின்னதை ஒளித்து விற்பதும் நடக்கிறது. ஒரு முறை 220 என்று எழுதியதை வாங்கி வந்து அளந்தேன், 90 காட்டியது. கையில் எடுத்தபோதே எடை குறைவாகத் தோன்றியதை நான் பொருட்படுத்தவில்லை. ஸ்க்ராப் எஸ்எம்பிஎஸ்களிலிருந்து (கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற ஸ்விட்ச் மோட் பவர் சப்ளைகள்) கழற்றியதை உயர் வோல்டேஜ் பகுதியில் போடவே கூடாது.

டயோடுகள் நன்றாகத்தானே இருக்கின்றன. அவற்றையும் மாற்ற வேண்டுமா?

மாற்றிவிடுங்கள், செலவு மிகக் குறைவு. டப்ளரில் ஒவ்வொரு பக்க டயோடும் எதிர்த்திசையில் மொத்த 820 வோல்ட்டையும் தாங்க வேண்டும். 1000 வோல்ட் தாங்கும் 1என்5408 ஒன்று மட்டும் போட்டால் மெயின்ஸில் வரும் ஒரு அதிர்வுக்கே போய்விடலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டைத் தொடராகப் போடுங்கள். அந்தக் காலத்தில் தொடர் டயோடுகளுக்குக் குறுக்கே ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போடுவார்கள். இன்றைய ஒரே பேட்ச் டயோடுகளுக்கு அது தேவைப்படுவதில்லை.

இதைவிடப் பழைய சப்ளைகளில் செலினியம் ரெக்டிஃபையர் இருக்கலாம்: சதுரத் தகடுகளை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். அது போகும்போது வரும் நாற்றம் மறக்கவே மறக்காது. அந்தப் புகை நச்சு. சிலிக்கானுக்கு மாற்றும்போது வோல்டேஜ் ஏறும், எனவே தொடராக ஒரு ரெசிஸ்டர் போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 5யு4 மாதிரியான ரெக்டிஃபையர் வால்வை எடுத்துவிட்டு சிலிக்கான் போட்டாலும் இதே கதைதான். கூடவே இன்னொரு சிக்கல்: மற்ற வால்வுகள் சூடேறும் முன்பே முழு வோல்டேஜும் வந்து நிற்கும். வால்வு ரெக்டிஃபையர் நன்றாக ஓடினால் நான் அதை அப்படியே விட்டுவிடுவேன்.

பயாஸ் பகுதியைப் பற்றி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

வோல்டேஜ் சிறியது, வேலை பெரியது என்பதால். 6146-ன் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) மைனஸ் பயாஸ் கிடைக்காவிட்டால் வால்வு தன்னால் முடிந்த அளவு மின்னோட்டத்தை இழுக்கும். சில வினாடிகளில் பிளேட் செக்கச்செவேல் என்று பழுக்கும்.

இங்கே கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனைதான் சேசிஸுக்குப் போக வேண்டும். இத்தனை வருடம் நெகட்டிவ்வைச் சேசிஸில் வைத்தே பழகிய கை, இங்கேயும் அப்படியே வைத்துவிடும். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். லேசான சீறல் சத்தம், மீன் வாடை மாதிரி ஒரு வாடை, நிமிர்ந்து பார்த்தால் பைனல் பெட்டியின் துளைகள் வழியாகச் சிவப்பு வெளிச்சம். சுவிட்சுக்குக் கை போய்ச் சேர்வதற்குள் ஒரு 6146 போய்விட்டது. அன்றிலிருந்து பயாஸ் கெப்பாசிட்டரைச் சால்டர் செய்யும் முன் சேசிஸ் மீதே மார்க்கரால் ஒரு பிளஸ் குறி வரைந்துவிடுகிறேன். சப்ளையைத் தனியாக ஆன் செய்து மைனஸ் 130 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ரேடியோவோடு இணைப்பேன். இந்த வரிசையை நீங்களும் மாற்றாதீர்கள்.

பயாஸ் பொட்டென்ஷியோமீட்டரும் வயதானதுதான். அதன் நடுமுனை தொடர்பு விட்டால் பயாஸ் காணாமல் போகும். நடுமுனைக்கும் அதிக மைனஸ் உள்ள முனைக்கும் இடையே ஒரு பெரிய மதிப்பு ரெசிஸ்டரைப் போட்டுவைத்தால், தொடர்பு விட்டாலும் கிரிட் முழு மைனஸுக்குப் போய் வால்வு ஓய்ந்துவிடும், எரியாது. எல்லாம் முடிந்ததும் ஹெச்டபிள்யூ-101-ல் ஓய்வு நிலை பிளேட் மின்னோட்டத்தை 50 மில்லிஆம்பியருக்கு அமையுங்கள்.

பவர் கேபிளை மாற்ற வேண்டுமா?

இரண்டு கேபிள்களையும் மாற்றுங்கள். முதலாவது மெயின்ஸ் கேபிள். பழைய இரண்டு வயருக்குப் பதில் எர்த்தோடு மூன்று வயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில் தனித் திருகில் இறுக்குங்கள். லைனிலிருந்து சேசிஸுக்குப் போகும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருந்தால் கழற்றிவிட்டு ஒய்2 ரக பாதுகாப்புக் கெப்பாசிட்டர் போடுங்கள். பழையது ஷார்ட் ஆனால் முழு மெயின்ஸும் சேசிஸுக்கு வந்துவிடும்.

இரண்டாவது, சப்ளைக்கும் ரேடியோவுக்கும் நடுவில் உள்ள 11 முனை கேபிள். ஹெச்பி-23-ஐ ஆன் செய்யும் சுவிட்ச் ரேடியோவின் முகப்பில் இருக்கிறது. ஆகவே மெயின்ஸ் மின்சாரமும் அதே கேபிள் வழியாக ரேடியோவுக்குள் போய்த் திரும்புகிறது. நம் ஊரில் அது 230 வோல்ட். பக்கத்து வயரில் 820 வோல்ட் டிசி. வளைத்தால் வெடிக்கும் இன்சுலேஷனோடு அதை விட்டுவைக்க முடியாது. உயர் வோல்டேஜுக்கு 1000 வோல்ட் தாங்கும் வயர், ஹீட்டருக்குத் தடிமனான வயர். ஹீட்டர் வயர் மெலிந்திருந்தால் ரேடியோ முனையில் 12.6 வந்து சேராது.

அந்த முகப்பு சுவிட்சும் பாவம், ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் காலிக் கெப்பாசிட்டர்களை நிரப்பும் மின்னோட்டம் முழுவதையும் தாங்குகிறது. மாற்றுச் சுவிட்ச் கிடைப்பது அரிது. பிரைமரியில் தொடராக ஒரு என்டிசி தெர்மிஸ்டர் (சூடாக ஆகத் தடை குறையும் ரெசிஸ்டர்) போடுங்கள்: குளிர்ந்த நிலையில் 47 ஓம், 3 ஆம்பியர் தாங்குவது. அது கைவைக்க முடியாத அளவு சூடாகித்தான் வேலை செய்யும். வயரின் மீதோ பிளாஸ்டிக் மீதோ படாமல் நிறுத்துங்கள்.

எல்லாம் மாற்றிய பிறகும் ஸ்பீக்கரில் ஹம் (விடாத உறுமல்) கேட்கிறது. எங்கே தேடுவது?

காதை வைத்தே பாதியைக் கண்டுபிடிக்கலாம். டப்ளர், 300 வோல்ட் பகுதிகளிலிருந்து வரும் ஹம் 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் ரீங்காரமாக இருக்கும். பயாஸ் பகுதி அரை அலை ரெக்டிஃபையர். அதன் ஹம் 50 ஹெர்ட்ஸ், இன்னும் அடித்தொண்டையில் ஒலிக்கும். வால்வுக்குள் ஹீட்டரும் கேத்தோடும் கசிந்தாலும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆகவே தாழ்ந்த குரல் கேட்டால் பயாஸ் கெப்பாசிட்டரைச் சோதியுங்கள், அப்புறம் ஆடியோ வால்வை மாற்றிப் பாருங்கள். உயர்ந்த குரல் என்றால் 300 வோல்ட் பகுதியின் கெப்பாசிட்டர், அதன் எர்த் சால்டர்.

மொத்தமாகத் தூக்கிப்போட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ் வைத்தால்?

வால்வு ரேடியோவுக்கு நான் செய்ய மாட்டேன். 820 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸை வீட்டில் கட்டுவது எளிதான வேலை இல்லை. அதன் இரைச்சல் ஹாம்கள் பேசும் 40 மீட்டர் பேண்டில் வந்து உட்காரும். 13.8 வோல்ட்டில் ஓடும் பிந்தைய கால ரேடியோக்கள் வேறு விஷயம். நல்ல ஃபில்டர் உள்ள எஸ்எம்பிஎஸ் அங்கே பொருந்தும். வோல்டேஜைச் சீராக வைக்கும் 723 ஐசியும் 2என்3055 டிரான்சிஸ்டர்களும் வைத்துக் கட்டிய பழைய சப்ளையையே தொடர்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: குரோபார் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு 2என்3055 ஷார்ட் ஆனால் 20 வோல்ட்டுக்கு மேல் நேராக ரேடியோவுக்குப் போகும். 15 வோல்ட்டைத் தாண்டியதும் ஒரு எஸ்சிஆர் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) மூலம் வெளியீட்டை ஷார்ட் செய்து ஃபியூஸை ஊதவைக்கும் அந்தச் சின்ன சர்க்யூட்தான் ரேடியோவைக் காப்பாற்றும்.

வேலை முடிந்ததும் என்ன குறித்து வைக்க வேண்டும்?

மூடிக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டுங்கள். மாற்றிய தேதி, புதிய கெப்பாசிட்டர்களின் மதிப்பு, பிரைமரி எத்தனை வோல்ட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கிறது, ஃபியூஸ் அளவு, லோடு இல்லாமலும் லோடோடும் அளந்த வோல்டேஜ்கள். என் பெட்டியின் தாளில் 240, 3 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ, 806, 694, மைனஸ் 127 என்று எழுதியிருக்கிறது. மேலே நிற்கும் கெப்பாசிட்டருக்குப் புது அட்டை உறை சுற்றி, அதன்மேல் சிவப்பு மையில் 400 வோல்ட் என்று தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன்.